முதலில் மயக்கம், பிறகு மரணம்

2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு யானையின் சாவு வழக்காக வந்து நின்றது. சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரிக்கு அப்போது 42 வயது. கீழே சாய்ந்த யானை ஒரு மாதத்துக்கும் மேலாக எழவில்லை. அத்தனை பெரிய உடல் நெடுநாள் ஒரே பக்கமாகக் கிடந்தால் அதன் எடையே அதற்கு எமன். அடியில் அழுந்திய தசை செத்துப்போகும், தோல் வெடித்துப் புண்ணாகும், நுரையீரல் விரிய இடமிருக்காது. இனி எழாது என்று தெரிந்தும் அதை அப்படியே கிடத்தி வைப்பது கொடுமை என்று விலங்கு நல ஆர்வலர் ஒருவர் மனுச் செய்தார். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று கால்நடை மருத்துவர் சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. அது நடப்பதற்குள், ஏப்ரல் 21 அன்று, யானை தானாகவே இறந்துவிட்டது.

தானாகப் போனதே நல்லது என்று சொல்லத் தோன்றும். யாருக்கு நல்லது? மருத்துவருக்கு, கோயிலுக்கு, நமக்கு. யானைக்கு அந்தக் கடைசி வாரங்களில் நல்லது எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

விலங்குகளை வலியின்றிக் கொல்வதைப் பற்றிய நம் பேச்சு 'கொல்லலாமா, கூடாதா' என்ற இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கால்நடை மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் அன்றாடம் எழும் கேள்விகள் வேறு: எப்போது, எந்த முறையில், யார் முடிவெடுத்து? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகளைத் திரட்டிப் பார்த்தால் ஒரே பிழை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. பார்க்கிற மனிதனுக்கு எது அமைதியாகத் தெரிகிறதோ, அதுவே சாகிற விலங்குக்கும் அமைதி என்று எண்ணிக்கொள்வது.

அறக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் அது மிகக் கூர்மையாக எழுந்தது 1928இல், சபர்மதி ஆசிரமத்தில். அங்கே கன்று ஒன்று நோயுற்று, புரண்டு படுக்கவும் இயலாமல் வேதனையில் கிடந்தது. மருத்துவம் கைவிட்ட நிலை. காந்தி ஆசிரமத்தினரின் கருத்தைக் கேட்டார். கொடுக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமையில்லை என்று ஒருவர் உறுதியாக எதிர்த்தார். கடைசியில் காந்தி மருத்துவரை வரவழைத்து, தாம் பக்கத்தில் நிற்க, நச்சு ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது என்று அவரே எழுதினார். 'நவஜீவன்', 'யங் இந்தியா' இதழ்களில் அவருடைய விளக்கம் வெளிவந்ததும் வசைக் கடிதங்கள் குவிந்தன.

அந்த விளக்கத்தில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அறுவை மருத்துவர் கத்தி எடுப்பது எப்படி இம்சை ஆகாதோ, அப்படியே தீர்க்க வழியில்லாத வேதனையைத் தன்னலமின்றி முடித்துவைப்பதும் இம்சை ஆகாது என்றார். அதே கையோடு, பயிரை அழிக்கும் குரங்குகளைப் பற்றியும் பேசினார். அவற்றைக் கொன்றால் அது நம் நலனுக்காகக் கொல்வது, ஆகவே இம்சைதான் என்று பிரித்துக் காட்டினார். கன்றும் குரங்கும் என்ற இந்தப் பிரிவு இன்றும் செல்லும். மருத்துவமனை மேசையில் சாகும் நாய் கன்றின் பக்கம். ஆய்வகத்தில் சாகும் எலி குரங்கின் பக்கம். அது தன் நோய்க்காகச் சாகவில்லை, நமக்குத் தேவையான விடைக்காகச் சாகிறது. இரண்டுக்கும் கருணைக்கொலை என்ற ஒரே பெயரைச் சூட்டுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனால் வலியும் அச்சமும் இல்லாத சாவுக்கு இரண்டுமே உரிமையுள்ளவை. நமக்காகச் சாவதால் எலிக்கு நாம் பட்டிருக்கும் கடன் கூடுதல் என்றுகூடச் சொல்லலாம்.

நம் சட்டம் இவை இரண்டையும் தொட்டிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தீராக் காயமுற்ற விலங்கை முடித்துவைக்கும் வழியைச் சொல்கிறது. உரிமையாளர் இல்லாதபோதோ மறுக்கும்போதோ, காவலர் நிலைக்கு மேற்பட்ட காவல் அதிகாரி கால்நடை மருத்துவரை அழைத்து, உயிரோடு வைப்பது கொடுமை என்று சான்று பெற்று, மாஜிஸ்திரேட்டின் ஆணையோடு அதைச் செய்யலாம். நெடுஞ்சாலையில் லாரி மோதி இடுப்பு நொறுங்கிய மாட்டுக்கு இத்தனை படிகளும் ஏறி முடிய எவ்வளவு நேரமாகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆய்வகங்களுக்கு 17ஆம் பிரிவு. மயக்க நிலையில் சோதனைக்கு உள்ளான விலங்கு, விழித்தெழுந்தால் கடுமையாக வேதனைப்படும் என்ற அளவுக்குக் காயப்பட்டிருந்தால், விழிக்குமுன்பே அதைக் கொன்றுவிட வேண்டும் என்கிறது அது. 1960இல் எழுதிய சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். மயக்கத்திலிருந்து நேரே மரணத்துக்கு, நடுவில் வலிக்கு இடமே இல்லாமல்.

வலியற்ற சாவின் உடலியல் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். முதலில் உணர்வு போக வேண்டும். பிறகு மூச்சும் இதயமும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாறினால், வெளியே எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், உள்ளே நடப்பது சித்திரவதை. இதற்குக் கொடிய எடுத்துக்காட்டு தசைகளைச் செயலிழக்கச் செய்யும் சக்சினைல்கோலின் போன்ற மருந்துகள். ஊசி போட்டதும் விலங்கு தளர்ந்து படுத்துவிடும். துடிப்பதில்லை, கத்துவதில்லை. மூச்சுத் தசைகள் நின்றுபோய், முழு நினைவோடு, கத்தவும் முடியாமல் அது மூச்சுத் திணறிச் சாகிறது. மயக்காமல் பொட்டாசியம் குளோரைடைச் செலுத்தினால் இதயம் நிற்கும்வரை நினைவு இருக்கும். மக்னீசியம் சல்ஃபேட்டும் அப்படித்தான். விலங்கை அசையாமல் ஆக்குமே தவிர, அதற்கு முன் உணர்வைப் போக்காது. முதலில் முழு மயக்கம் கொடுத்துவிட்டு இந்த உப்புகளைச் செலுத்தினால் குற்றமில்லை. மயக்காமல் செலுத்தினால் அது கொலை மட்டுமே, அதில் கருணை இல்லை. இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் ஊசி போட்டுக் கொல்வதை 1960 சட்டமே பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. எழுதித் தடுக்க வேண்டிய அளவுக்கு அது வழக்கத்தில் இருந்தது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 1963இல் இதற்கென்று முதல் வழிகாட்டிக் குழுவை அமைத்தது. அதன் பிறகு வழிகாட்டி நூலின் பல பதிப்புகள் வந்தன, அண்மைக் காலத்தில் 2013இலும் 2020இலும். அவற்றை வரிசையாகப் படித்தால் ஒரு பதிப்பில் ஏற்ற முறை அடுத்ததில் நிபந்தனைக்கு உட்படுவதையும், பிறகு கைவிடப்படுவதையும் காணலாம். நம் கல்லூரி விலங்கியல் ஆய்வகங்களில் தவளையைப் போட்டு மூடிய குளோரோஃபார்ம் ஜாடியும் அப்படிப் போனதுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் உயிரியல் பாடங்களிலிருந்து விலங்கு அறுப்பையே விலக்கிவிட்டது.

அடைத்த பெட்டிக்குள் வாயுவைச் செலுத்திக் கொல்லும் எண்ணம் விக்டோரியா காலத்து லண்டனில் உருப்பெற்றது. மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் 1884இல் பேட்டர்சி நாய்கள் காப்பகத்துக்கு ஒரு கொலைக்கூடத்தை வடிவமைத்துக் கொடுத்தார். கார்பன் மோனாக்சைடும் குளோரோஃபார்மும் கலந்த காற்றில் கைவிடப்பட்ட நாய்கள் கூட்டமாகச் செத்தன. அதற்கு முன்பிருந்த அடியோடும் விஷத்தோடும் ஒப்பிட்டால் அது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அந்தக் கூடம் நம் 1960 சட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. தெருநாய்களைக் கொலைக்கூடத்தில் வைத்துக் கொல்வது வதை ஆகாது என்று 11ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது.

சென்னையில் நடந்தது அதைவிட மோசம். மதராஸ் மாநகராட்சி 1860 வாக்கில் தொடங்கிய நாய் பிடிக்கும் வேலை, 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் என்ற அளவை எட்டியிருந்ததாக புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். கொன்றது மின்சாரம் பாய்ச்சி. மின்சாரம் மூளை வழியாகப் போனால் கணத்தில் நினைவு தப்பும். உடல் வழியாக மட்டும் போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்க, நாய் பத்து நொடிக்கும் மேலாக நினைவோடு இருக்கும். ஈரத் தரையும் கம்பிக் கூண்டும் கொண்டு செய்யும் வேலையில் இந்த நுணுக்கத்தை யார் பார்த்தார்கள்? 1996இல் அந்த முறை கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் மாநகராட்சியின் கொள்கையாயின. நாய்களின் எண்ணிக்கை பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் நூறாண்டுக்கு மேல் கொன்றும் அந்த எண்ணிக்கை குறையவில்லை என்பதை மறுப்பவர் யாருமில்லை.

ஆய்வகத்துக்கு வருவோம். உலகெங்கும் ஆய்வக எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் வாய்க்கும் வழக்கமான சாவு கார்பன் டைஆக்சைடு. சிலிண்டர் மலிவு, தீப்பிடிக்காது, மருந்துக்கான உரிமம் வேண்டாம், பல கூண்டுகளை ஒரே நேரத்தில் முடித்துவிடலாம். விலங்கைக் கையில் பிடிக்க வேண்டியதில்லை என்ற காரணமும் உண்டு, அதை யாரும் எழுதிவைப்பதில்லை. நீண்ட காலம் இது மென்மையான சாவு என்றே கருதப்பட்டது. எலி மெல்லத் தள்ளாடும், சாயும், உறங்கிவிடும். அப்படித்தான் நம் கண்ணுக்குத் தெரிந்தது.

கோலி சோடாவை அவசரமாகக் குடித்தால் மூக்கில் சுரீரென்று ஏறுமே, அதைச் செய்வதும் இதே வாயுதான். மூக்கின் ஈரத்தில் கரைந்து கார்பானிக் அமிலமாக மாறும்போது வலி நரம்பைத் தொடுகிறது. அடர்த்தி பாதியைத் தாண்டினால் மனிதர்களே அதை வலி என்கிறார்கள். ஆகவே முன்கூட்டியே நிரப்பிய பெட்டிக்குள் எலியைப் போடுவது தவறு, வாயுவை மெல்ல ஏற்ற வேண்டும் என்று முடிவானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை மெல்ல நிரப்புவதை மட்டுமே ஏற்கிறது. ஆனால் மெல்ல நிரப்பினால் வேறு தொல்லை. வலி வருமுன் மூச்சுமுட்டல் வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேனியல் வியரி குழுவினர் எலிகளுக்குப் பிடித்த இனிப்புத் தின்பண்டத்தை வைத்துப் பெட்டியில் வாயுவை ஏற்றிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குள் எலிகள் தின்பண்டத்தை விட்டுவிட்டு வெளியேறின. மயங்கத் தேவையான அளவைவிட அது மிகக் குறைவான அடர்த்தி. வெளியேற வழியில்லாத பெட்டியில் அந்த எலிக்கு என்ன நேரும் என்பதை ஊகிக்கலாம்.

2006இல் நியூகாசிலில் கூடிய அறிஞர்கள், கார்பன் டைஆக்சைடை எப்படிப் பயன்படுத்தினாலும் ஏதோ ஒரு வகைத் துன்பம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். வலியா மூச்சுமுட்டலா, இரண்டில் எது குறைவான கேடு என்பதுதான் மிச்சமிருந்த விவாதம். 2009இல் அதற்கு இன்னொரு பரிமாணம் சேர்ந்தது. மூளையில் அச்சத்தின் இருப்பிடமாகக் கருதப்படும் அமிக்டலாவிலேயே அமிலத்தை உணரும் வாயில்கள் இருக்கின்றன, கார்பன் டைஆக்சைடு அவற்றை நேரடியாகத் தட்டி எழுப்புகிறது என்று ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் காட்டினார்கள். 2013இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. அமிக்டலா முற்றிலும் சிதைந்து, பாம்புக்கும் கத்திக்கும் அஞ்சாத பெண் ஒருவர், 35 விழுக்காடு கார்பன் டைஆக்சைடை ஒரே ஒரு முறை உள்ளிழுத்ததும் பீதியில் துடித்துப்போனார். மூச்சுமுட்டலின் அச்சம் மற்ற எல்லா அச்சத்தையும்விட ஆழத்தில் இருக்கிறது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் பிறகு அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டி நூல் என்ன செய்தது? 2013 பதிப்பு, நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 10 முதல் 30 விழுக்காடு வேகத்தில் வாயுவைச் செலுத்தச் சொன்னது. 2020 பதிப்பு அதை 30 முதல் 70 விழுக்காடு என்று கூட்டியது. நினைவு தப்புமுன் மூச்சுமுட்டும் நேரத்தைச் சுருக்குவது நோக்கம். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இப்படிக் கணக்குப் போடுவதைவிட, முதலில் ஐசோஃபுளூரேன் போன்ற மயக்க வாயுவால் நினைவைப் போக்கிவிட்டு அதன் பிறகு கார்பன் டைஆக்சைடைத் திறப்பது நேர்மையான வழி. கனடாவின் விலங்குப் பராமரிப்புக் குழு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. மயக்க வாயுவையும் எலிகள் விரும்புவதில்லை என்பது உண்மை. முதல் முறை பொறுத்துக்கொள்ளும் எலி, மறுமுறை அதே நெடி வந்ததும் முன்னதாகவே ஓடப் பார்க்கிறது. முன்பு அறுவைக்காக மயக்கப்பட்ட விலங்குக்கு இதைத் தனியாக யோசிக்க வேண்டும். ஆனாலும் அறுவை செய்யும் ஆய்வகம் எதிலும் மயக்க இயந்திரம் இருக்கத்தான் செய்யும். செலவைக் காரணம் காட்டுவது சாக்கு.

புதிதாய்ப் பிறந்த எலிக்குஞ்சுகளின் கதை தனி. கருப்பைக்குள் குறைந்த ஆக்சிஜனில் வாழ்ந்து பழகிய அவை கார்பன் டைஆக்சைடை அசாதாரணமாகத் தாங்கும். சாக 50 நிமிடம்வரை ஆகலாம். வளர்ந்த எலிக்கு வைத்த நேரத்தையே குஞ்சுக்கும் வைத்துவிட்டு, செத்ததாக எண்ணிக் குப்பைப் பைக்குள் போட்டால், அது அங்கே கண் விழிக்கும். அதனால்தான் வாயுவுக்குப் பிறகு கழுத்தெலும்பை விலக்குவது போன்ற இரண்டாவது உறுதிப்பாடு ஒன்று கட்டாயம் என்கிறார்கள். மீன்களைப் பற்றிய அறிவு இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பரவலாகப் பயன்படும் மயக்க மருந்தையே வரிக்குதிரை மீன்கள் வெறுத்து விலகுவதாகச் சோதனைகள் காட்டின. நண்டுக்கும் கணவாய்க்கும் உணர்வு உண்டு என்று பிரிட்டன் 2022இல் சட்டமே இயற்றியது.

கழுத்தைத் துண்டிப்பதற்கு நேர்மாறான வரலாறு. பார்க்கச் சகிக்காது, ஆகவே கொடுமை என்று எல்லாரும் எண்ணினார்கள். 1975இல் வந்த ஓர் ஆய்வு, துண்டித்த பிறகும் எலியின் மூளையில் 13, 14 நொடிகள் மின்னலை தொடர்கிறது என்று சொன்னதும் அந்த எண்ணத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. பிறகு வந்தவர்கள், அலை இருப்பதும் நினைவு இருப்பதும் ஒன்றல்ல என்று வாதிட்டார்கள். 2011இல் நைமேகன் பல்கலைக்கழகத்தார் மீண்டும் அளந்து பார்த்தபோது, நினைவுக்குரிய அலைகள் ஏறத்தாழ நான்கு நொடிக்குள் அடங்கிவிடுவதாகக் கண்டார்கள். தேர்ந்த கையும் கூரான கருவியும் இருந்தால், பார்க்க அமைதியான வாயுப் பெட்டியைவிடப் பார்க்கக் கோரமான இந்த முறை எலிக்கு எளிய சாவாக இருக்கக்கூடும். மூளை வேதியியலை ஆராய்பவர்களுக்கு இதில் இன்னொரு வசதி: மருந்தோ வாயுவோ கலக்காத திசு கிடைக்கும். தேர்ந்த கை என்பதுதான் சிக்கல். பயிற்சியற்ற முதுகலை மாணவர் கையில் இது எப்படி முடியும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

முறையைப் பற்றி இவ்வளவு எழுதியும், என் கணிப்பில் முறையைவிடப் பெரிய கேள்வி நேரம். கடைசி ஒரு நிமிடத்தைத் துன்பமின்றி ஆக்கிவிட்டு, அதற்கு முந்தைய பத்து நாள் வேதனையைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன பயன்? 1927இல் ஜே. டபிள்யூ. டிரீவன் என்ற ஆங்கிலேயர், மருந்தின் வீரியத்தை அளக்க ஒரு வழி கண்டார். கொடுத்த விலங்குகளில் பாதி சாகும் அளவு எதுவோ அதுவே கணக்கு. அதன் பிறகு முக்கால் நூற்றாண்டு, மருந்தும் பூச்சிக்கொல்லியும் சாயமும் அந்த அளவுகோலில் நிறுக்கப்பட்டன. விலங்கு தானாகச் சாவதே அங்கே தரவு. இடையில் கருணை காட்டினால் கணக்குக் கெடும். ரஸல், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1959இல் மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்று நெறிகளை முன்வைத்து நூல் எழுதியும் இந்தச் சோதனை அசைய நாற்பது ஆண்டுக்கு மேலாயிற்று. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2000இல், சாகும்வரை காத்திருக்காமல் எந்த அறிகுறியில் விலங்கை முடித்துவைக்கலாம் என்று தனி வழிகாட்டியே வெளியிட்டது. பழைய சோதனையை 2002இல் தன் பட்டியலிலிருந்து நீக்கியது.

எந்த அறிகுறி என்பதில் இப்போது நல்ல தெளிவு இருக்கிறது. உடல் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைவது, உடல் வெப்பம் இறங்குவது, மயிர் சிலிர்த்துக் கூனிக் கிடப்பது, தண்ணீர்க் குழாயை எட்ட முடியாமல் போவது. 2010இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மோகில் குழு, சுண்டெலியின் முகத்திலேயே வலியைப் படிக்கலாம் என்று காட்டியது. கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காதும் மீசை மயிரும் நிலை மாறுவது என்று ஐந்து குறிகள். இந்திய நிறுவனங்களில் விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் பெற விண்ணப்பிக்கும்போது, விலங்கை எப்படி முடித்துவைப்பீர்கள் என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டும். எப்போது முடித்துவைப்பீர்கள் என்பதற்கும் அதே அழுத்தத்தோடு விடை கேட்டால் பாதி வேதனை குறையும். எல்லா விலங்கும் சாக வேண்டியதும் இல்லை. மறுவாழ்வு என்ற நான்காவது நெறியை இந்தியா சேர்த்துக்கொண்டது. பெங்களூரில் சோதனை முடிந்த பீகிள் நாய்கள் நூற்றுக்கும் மேல் வீடுகளுக்குப் போயிருக்கின்றன.

இனி கன்றின் பக்கம். இங்கேயும் சிக்கல் நேரம்தான்: நம் ஊர் மருத்துவமனையும் தொழுவமும் பிந்திப்போகின்றன. "ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாமா டாக்டர்?" என்று உரிமையாளர் கேட்கும்போது, பல நேரம் நாய் அதற்குப் பல வாரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தியிருக்கும். அமெரிக்கப் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஒரு மதிப்பெண் அட்டவணை தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்பது. தினமும் எழுதிவந்தால் அன்பால் மறைந்திருக்கும் உண்மை தாளில் தெரியும். எதிர்த்திசையிலும் பிசகு நேர்வதுண்டு. வீடு மாறுகிறோம், குழந்தை பிறக்கப்போகிறது என்று நலமான நாயைக் கொண்டுவந்து நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அதை மறுக்க மருத்துவருக்கு முழு உரிமை உண்டு. மறுக்கவும் வேண்டும்.

மருந்து என்று வந்தால் உலகெங்கும் முதலிடம் பெண்டோபார்பிட்டலுக்கு. நரம்பு வழி செலுத்தினால் நொடிகளில் உணர்வு போய், அதன் பிறகு மூச்சும் இதயமும் நிற்கும். வரிசை பிசகுவதே இல்லை. அது கிடைக்காத இடத்தில் சைலசினும் கீட்டமினும் கொடுத்து, தயோபென்டோனால் ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி, அதன் பிறகே இதயத்தை நிறுத்தும் உப்பைச் செலுத்த வேண்டும். படி கூடினாலும் குற்றமில்லை, முதல் படியைத் தாவினால்தான் குற்றம். தெருநாய்களுக்கான 2001ஆம் ஆண்டு விதிகளில், ஒரு நாயின் கண்முன் இன்னொரு நாயை முடித்துவைக்கக் கூடாது, அப்புறப்படுத்துமுன் இறந்துவிட்டதை உறுதிசெய்ய வேண்டும் என்ற வரிகள் உண்டு. எழுதியவருக்கு அனுபவம் இருந்திருக்கிறது.

அதே விதிகளில் எனக்குப் புரியாத ஒன்றும் இருக்கிறது. வெறிநோய் இருப்பதாக வலுவாக ஐயப்படும் நாயைத் தனிமைப்படுத்தி, இயற்கையாகச் சாகும்வரை விட வேண்டும் என்கின்றன. 2023இல் வந்த புதிய விதிகளும் இதை வைத்திருக்கின்றன. முன்கூட்டிக் கொன்றால் நோயின் உண்மையான அளவு தெரியாமல் போகும் என்பது சொல்லப்பட்ட காரணம். வெறிநோயில் தொண்டை இறுகி, வலிப்பு வந்து, பக்கவாதத்தில் முடியும் சாவைவிடக் கொடிய சாவு நாய்க்குக் குறைவு. அதற்கு மருந்தும் கிடையாது. நோயை உறுதிப்படுத்துவதோ, இறந்தபின் மூளைத் திசுவில் செய்யும் சோதனை. அறிகுறிகள் தெளிவாக முற்றிய பிறகு, தலையைச் சிதைக்காமல் ஊசியால் முடித்துவைத்தாலும் அந்தத் திசு அப்படியே கிடைக்கும். கருணைக்கொலை மிகவும் நியாயமாகும் நோய்க்கே அதை மறுப்பது திருத்தப்பட வேண்டிய விதி.

மாட்டின் நிலை இன்னும் சிக்கல். கன்று ஈன்றபின் படுத்த மாடு எழாவிட்டால், கயிறு கட்டித் தூக்கிப் பார்ப்பார்கள், பக்கம் மாற்றிப் போடுவார்கள், நாட்டு வைத்தியம் நடக்கும். ஊசி போட்டு முடிக்க மனம் வராது. கடைசியில் அடிமாட்டு வியாபாரிக்கு வண்டியேற்றுவதற்கு மட்டும் மனம் எப்படியோ ஒப்புகிறது. கொல்ல மறுத்து வலி மருந்தில் இழுத்துப் பிடிக்கும் இந்தப் பழக்கம் ஒரு பறவையினத்தையே கிட்டத்தட்ட முடித்துவிட்டது. சாகக் கிடந்த மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அவற்றின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. காரணம் 2004இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்கு 99க்கும் மேல் போய்விட்டன. தமிழ்நாட்டில் இன்று அவை மிஞ்சியிருப்பது முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில். கருணைக்கொலை மருந்தும் இதில் சாது அல்ல. பெண்டோபார்பிட்டல் சடலத்தில் நெடுநாள் தங்கும், அதைத் தின்னும் கழுகும் நாயும் செத்துப்போகும். அமெரிக்காவில் கழுகுகள் அப்படி இறந்ததால், மருந்துப் புட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட 2003இல் உத்தரவானது.

இதைச் செய்யும் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் தண்ணீர் மாற்றி, பெயர் வைத்துக் கூப்பிட்ட விலங்கை மாலையில் முடித்துவைக்கும் வேலை மனிதரை என்ன செய்யும் என்று சமூகவியலாளர் ஆர்னால்டு ஆர்லுக் 1990களில் ஆராய்ந்தார். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட மூன்று நான்கு மடங்கு என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. காரணம் ஒன்றல்ல. இந்தச் சுமையும் அதில் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஜப்பானிய ஆய்வகங்களில் ஆண்டுதோறும் விலங்குகளுக்கு நினைவுச் சடங்கு நடத்துகிறார்கள். நம் ஆய்வகங்களில் அந்த வேலை கடைநிலை உதவியாளரிடம் தள்ளப்படுகிறது. ஒப்பந்த ஊழியர் ஒருவர் மாலை ஐந்து மணிக்குமுன் முடித்துவிட வேண்டிய கூண்டுகளாக அது சுருங்கிவிடுகிறது. பயிற்சியும் இல்லை, பேச ஆளும் இல்லை. இதை முதலில் சரிசெய்ய வேண்டும். நடுங்கும் கையில் நல்ல மருந்தும் கெட்ட சாவைத்தான் தரும்.

வீட்டில் வயதான நாயோ பூனையோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நாள் வருமுன்பே உங்கள் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டு வையுங்கள்: முதலில் மயக்க ஊசி போடுவீர்களா, இறந்ததை எப்படி உறுதிசெய்வீர்கள், நான் பக்கத்தில் இருக்கலாமா. புதைப்பதானால் நாயும் பறவையும் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதையுங்கள், முடிந்தால் எரித்துவிடுங்கள்.